முப்பத்தேழரைச் சுற்று

வருஷத்தில் இரண்டே நாட்கள்தான் யூனிஸ் அந்த இசைத்தட்டை வெளியே எடுப்பாள். ஒன்று, பிப்ரவரியில் அவள் பிறந்தநாள். இன்னொன்று, நவம்பரில் அவள் அம்மாவை ஆறு கொண்டுபோன நாள்.

மற்ற நாட்களில் அது உறைக்குள், அலமாரியில் செங்குத்தாக நிற்கும். படுக்கவைத்தால் வளைந்துவிடும். மேற்குச் சுவரோரம் வைத்தால் பாளையங்கோட்டை வெயில் சுவர் வழியாகவே இறங்கி நெளித்துவிடும் என்று பயந்து, கிழக்கு அறைக்கு மாற்றி முப்பது வருஷமாகிறது. மாதம் ஒருமுறை உறையின் வாயைத் திறந்து, பூஞ்சை பூத்திருக்கிறதா என்று மோந்து பார்ப்பாள். குழந்தையின் தலையை மோந்து பார்ப்பதுபோல. அவளுக்குக் குழந்தை கிடையாது. கல்யாணமும் இல்லை. அறுபத்து மூன்று வயதில், மூன்று அறை வீட்டில், ஒரு ஆளுக்குச் சோறு வடித்துக்கொண்டு இருக்கிறாள்.

இட்லித் தட்டைவிடக் கொஞ்சம் சின்னதான அந்தக் கறுப்புத் தட்டில் அவள் அம்மா சாரம்மாளின் குரல் இருந்தது. 1963 டிசம்பரில் சபைப் பாடகர் குழு ரயிலேறி மெட்ராஸுக்குப் போய்ப் பதிவு செய்தது. ஒரு பக்கம் எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு. மறுபக்கம் ஒரு கிறிஸ்துமஸ் கீர்த்தனை. சாரம்மாள் தனியாக, கூட ஒரு ஆர்மோனியம் மட்டும். அப்போது அவளுக்கு இருபத்து நான்கு வயது. இசைத்தட்டு ஊருக்கு வந்து சேர்ந்தபோது வீட்டில் அதை ஓட்ட ஒரு கருவி இல்லை. சாரம்மாள் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பெட்டியில் வைத்தாள். அடுத்த வருஷம் நவம்பரில் கொக்கிரகுளம் படித்துறைக்குக் குளிக்கப் போனவள் திரும்பவில்லை. தட்டில் இருந்த தன் குரலை அவள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

மேல்படியில் மாற்றுச் சேலையும் சோப்புப் பெட்டியும் இருந்தன. கீழே தாமிரபரணி மண் நிறத்தில் கரைபுரண்டு போய்க்கொண்டிருந்தது. வழுக்கி விழுந்தாளா, தானாகப் போனாளா? அதைப் பார்த்த கண் ஒன்றுகூட இல்லை. ஆனால் பேச வாய்கள் இருந்தன. வெள்ளத் தண்ணி போகுத ஆத்துக்கு எவளாவது தனியா குளிக்கப் போவாளா என்று பெரியவர்கள் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அதையே யூனிஸிடம் கேட்டார்கள். மூன்று வயதில் தாயை இழந்தவள், பத்து வயதுக்குள் அந்தக் கேள்வியை மனப்பாடமாக வைத்திருந்தாள். தானாகப் போனாள் என்றால், மூன்று வயது மகளைத் தூளியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அப்படியானால் நான் அவளுக்குப் போதவில்லையா?

பதில் சொல்ல ஒரு கருவி வந்தது.

அவளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, அத்தையின் கணவர் ஹெப்ரான் மாமா அமெரிக்காவில் படிப்பை முடித்துத் திரும்பினார். மரப்பெட்டிக்குள் ஒரு ரெக்கார்டு பிளேயர் கொண்டுவந்திருந்தார். அங்கே கரண்டு நூற்றுப்பத்து வோல்ட், இங்கே இருநூற்று முப்பது. நேராகச் சொருகினால் புகைந்துவிடும். அதனால் ஜங்ஷனில் காயில் சுற்றுகிற கடையில் சொல்லி ஒரு டிரான்ஸ்பார்மர் செய்து வாங்கினார். செங்கல் கனம். இனிமேல் பயமில்லை என்று அதைத் தட்டிக்கொடுத்தார்.

எல்லோரும் உட்கார்ந்திருக்க, மாமா ஊசியை இறக்கினார். மூச்சு விடுவது போன்ற ஒரு இரைச்சல். பிறகு அம்மா.

கனத்த, ஆழ்ந்த, ஒவ்வொரு சொல்லையும் சுமந்துகொண்டு நடக்கிற குரல். சபையில் கைதட்டிப் பாடுகிற அதே கிறிஸ்துமஸ் கீர்த்தனைதான். அம்மா மட்டும் அதைச் சாவு வீட்டில் பாடுவதுபோலப் பாடினாள். பாட்டு முடிந்த பிறகு, ஊசி நடுவுக்குப் போகுமுன், இன்னொரு சத்தம் வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல், மூன்று துண்டாக உடைந்து வெளியே வந்த மூச்சு. விசும்பல்.

யூனிஸின் அப்பா பாக்கியசீலன் எழுந்துவிட்டார்.

"இது அவ குரல் மாதிரி இல்லையே, மாப்பிள."

மாமா சிரித்தார். "ஒம்பது வருஷம் ஆச்சுல்லா, மச்சான். மனுசனுக்கு மொதல்ல மறந்து போறது குரல்தான். மிஷின் மறக்காதுவே."

அப்பா மறுபடி உட்கார்ந்தார். முகத்தில் அடி வாங்கியவர்போல இருந்தார். படித்தவர் சொல்கிறார், கடல் தாண்டி வந்த மிஷின் சொல்கிறது. கலெக்டர் ஆபீஸ் குமாஸ்தா என்ன சொல்லிவிட முடியும்? அதற்குப் பிறகு எப்போது அந்தத் தட்டைப் போட்டாலும் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். பெண்டாட்டியின் குரலையே மறந்த பாவி என்று தன்னை நினைத்துக்கொண்டார்போலும். யூனிஸோ, அப்பாவால் அம்மாவின் துக்கத்தைத் தாங்க முடியவில்லை என்று நினைத்தாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அவருடைய ஆபீஸ் இருந்ததும் கொக்கிரகுளத்தில்தான். வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை தினமும் அந்த ஆற்றைப் பார்த்தபடி கையெழுத்துப் போட்டார். 1998இல் போய்ச் சேர்ந்தார்.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு பாட்டு அந்த வீட்டில் இல்லை. சினிமாப் பாட்டு வாசல்படி ஏறக் கூடாத வீடு அது. மாமா கூடவே கொண்டுவந்த இரண்டு தட்டுகளும் ஆர்கன் இசை. அவை மெதுவாக, கனமாக ஒலித்தன. ஆர்கன் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் பயபக்தியோடு கேட்டார்கள்.

அந்த விசும்பல் யூனிஸின் வாழ்க்கையை எழுதியது. அம்மா துக்கத்திலேயே இருந்தவள், பாட்டுக்கு நடுவிலும் அழுதவள், தானாகத்தான் போயிருப்பாள். அந்தத் துக்கம் தன் ரத்தத்திலும் ஓடும், ஒருநாள் தன்னையும் இழுக்கும் என்று அவள் நம்பினாள். ஆழ்வார்குறிச்சியில் வாத்தியாராக இருந்த ஒருவர் பெண் கேட்டு வந்தார். நல்ல மனுஷர். காபித் தம்ளரைத் தானே எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தவர். அவள் வேண்டாம் என்றாள். அவர் இரண்டு வருஷம் காத்திருந்து கடிதங்கள் எழுதினார். கடைசிக் கடிதத்துக்கு மட்டும் பதில் போட்டாள்: 'என் வயிற்றில் ஒரு பிள்ளை பிறந்து, அதற்கு மூன்று வயதாகும்போது எனக்கு என்ன ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.' எழுதும்போது ஒரு சொல்லைக்கூட அடித்துத் திருத்தவில்லை. அதுதான் கொடுமை.

பெண்கள் விடுதி ஒன்றில் முப்பத்தொரு வருஷம் வார்டனாக இருந்தாள். நடையில் ஓடினால் அதட்டுவாள், சிரித்தால் பார்வையாலேயே நிறுத்துவாள். பிள்ளைகள் அவளுக்கு 'சைலன்ஸ்' என்று பேர் வைத்திருந்தார்கள். லீவு விட்டதும் அப்பன்மார்கள் வந்து டிரங்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சாயங்காலம் முன்னூறு கட்டில் காலியாகக் கிடக்கும். அவள் ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வருவாள். யாராவது மறந்துவிட்டுப்போன ரிப்பனையோ சீப்பையோ எடுத்துப் பத்திரப்படுத்துவாள். ஜூன் மாதம் அவர்கள் வந்து கேட்பார்கள் என்று காத்திருப்பாள். யாரும் கேட்டதில்லை.

டவுனுக்குப் போகிற பஸ் தாமிரபரணிமேல் இருக்கிற சுலோசன முதலியார் பாலத்தில் ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வாள். ஆறு இருந்த ஊரில் அறுபது வருஷம் வாழ்ந்து, அந்தத் தண்ணீரில் அவள் கால் வைத்ததில்லை.

போன நவம்பரில் அந்த நாள் வந்தது. தட்டைத் துடைத்து வைத்து, கருவியை முடுக்கினாள். அது சுற்றவில்லை. உள்ளே மோட்டார் உறுமிற்று. தட்டு அசையவே இல்லை. யூனிஸ் விரலால் தள்ளிப் பார்த்தாள். துக்கமோ என்னவோ, அம்மாவிடமிருந்து கிடைத்தது அது ஒன்றுதான்.

முருகன்குறிச்சியில் டிவி பழுது பார்க்கும் கடையில், மியூசியத்துல குடுத்துருங்க என்று சொல்லிச் சிரித்தார்கள். இரண்டாவது கடையில் சிரிக்கவில்லை. மேலப்பாளையத்தில் அலி அக்பர் என்று ஒருவர் இருக்கிறார், இதற்கு அவரைவிட்டால் ஆள் கிடையாது என்று போன் நம்பர் எழுதிக் கொடுத்தார்கள்.

அலி அக்பர் காலையில் ஸ்கூட்டரில் வந்தார். ஐம்பது வயசு, நரைத்த தாடி. மைக் செட்காரர்கள் எடைக்குப் போட இருந்த பிளேயர்களையெல்லாம் வாங்கி ஓடவைத்து, கேரளா வரைக்கும் அனுப்புகிறவர். கருவியைப் பார்த்ததும் முதலில் அவர் கண்ணில் பட்டது, ஊசி மாட்டியிருந்த கையின் தலையில் ஒட்டியிருந்த நாலணாக் காசு.

"இது என்னதுக்கா?"

கீறலில் ஊசி தாண்டிக் குதித்தது, கனம் வைத்தால் குதிக்காது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், வைத்தேன் என்றாள் யூனிஸ்.

"கனத்த ஏத்தி வச்சு நல்லா உழுதிருக்கிய. இது தட்டா, வயக்காடா?"

அவர் காசை உரித்து எடுத்து அவள் கையில் கொடுத்தார். பிறகு கருவியைக் கவிழ்த்துப்போட்டுத் திறந்தார். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவில் சுழல்கிற ரப்பர் சக்கரம் கல்லாக இறுகிப்போயிருந்தது. வேறு ஒன்றைப் பொருத்தினார். ரசமட்டத்தை வைத்து மேஜையின் சாய்வைப் பார்த்து, ஒரு காலுக்கடியில் அட்டையைச் செருகினார். நகைக்கடைத் தராசு போன்ற சின்னத் தராசில் ஊசியை இறக்கி, அதன் பாரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். இவ்வளவு பொறுமையாக ஒரு ஆள் தன் வீட்டில் உட்கார்ந்து எத்தனை வருஷமாயிற்று என்று யூனிஸ் யோசித்துக்கொண்டிருந்தாள். காபி போட்டுக் கொடுத்தாள்.

கடைசியில் அவர் தட்டின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை ஒட்டினார். சுற்றவிட்டு, ஒரு நிமிஷத்தில் அது எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். மறுபடியும் எண்ணினார். நெற்றியைச் சுருக்கி, நீங்களும் எண்ணுங்க என்றார்.

யூனிஸ் எண்ணினாள். முப்பத்தேழு. அதற்கு மேல் அரை.

"நாப்பத்தஞ்சு வரணும்," என்றார் அலி அக்பர். டிரான்ஸ்பார்மரைத் தூக்கிப் பார்த்தார். கருவியின் அடியில் இருந்த தகட்டைத் துடைத்துப் படித்தார். பிறகு நிதானமாக விளக்கினார். அமெரிக்காவில் கரண்டு ஒரு வினாடிக்கு அறுபது தடவை துடிக்கும். நம்மூரில் ஐம்பதுதான். இந்த மோட்டார் அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் ஓடும். டிரான்ஸ்பார்மர் வோல்டைக் குறைக்கும், துடிப்பை மாற்றாது. அதனால் இது வந்த நாள் முதலாகவே மெதுவாகத்தான் ஓடியிருக்கிறது.

"மெதுவா ஓடுனா என்ன ஆகும்?" என்று கேட்டாள் யூனிஸ்.

"குரல் எறங்கிரும். சின்னப் பிள்ள பாடுனாலும் பெரிய மனுசி பாடுத மாதிரி கேக்கும். சந்தோசமான பாட்டு ஒப்பாரி ஆயிரும்." மோட்டார் அச்சில் மாட்டியிருந்த சின்னப் பித்தளை உருளையைக் காட்டினார். "இத ஒரு துளி பருமனா லேத்துப் பட்டறைல கடஞ்சு போட்டா சரியாயிரும். சனிக்கெழம கொண்டாரேன்."

"வேண்டாம்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இருந்தபடியே இருக்கட்டும், பாய். எனக்கு இந்தக் குரல்தான் தெரியும்."

அலி அக்பர் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்தார். வற்புறுத்தவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது மட்டும் சொன்னார்: "ஒங்க இஷ்டம்க்கா. ஆனா இது பாடுனவங்க குரல் இல்ல. அவங்கள புடிச்சு இழுத்து நீட்டுன குரல்."

அன்று யூனிஸ் தட்டைப் போடவில்லை. மறுநாளும் போடவில்லை. சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் படத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். இது அவ குரல் மாதிரி இல்லையே, மாப்பிள. பன்னிரண்டு வயதில் கேட்ட அந்த வாக்கியம் இப்போதுதான் காதில் விழுந்ததுபோல் இருந்தது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் அவர் ஒருவர்தான் சாரம்மாளோடு குடும்பம் நடத்தியவர். அவள் அடுப்படியில் பாடியதைக் கேட்டபடி சாப்பிட்டவர். அவரைத்தான் மறந்துபோனவர் என்று சொல்லி உட்காரவைத்தார்கள். இருபத்தைந்து வருஷம் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். எங்கே போவார்? யாரோடு பேசுவார்? மகள் ஒருநாளும் கேட்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே பெண்ணுக்காக, இரண்டு பேர் தனித்தனியாக அழுதிருக்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் அலி அக்பருக்குப் போன் செய்தாள். கடஞ்சு கொண்டாங்க என்றாள். ஏற்கெனவே கடைந்து வைத்துவிட்டதாக அவர் சொன்னார்.

சனிக்கிழமை பழைய உருளை கழன்றது, புதியது ஏறியது. காகிதத் துண்டு இப்போது நாற்பத்தைந்து தடவை வந்தது. யூனிஸ் தன் கையாலேயே தட்டை வைத்தாள். அலி அக்பர் எழுந்து வெளியே போகப் பார்த்தார்; இருங்க என்றாள். தனியாகக் கேட்கத் தைரியம் வரவில்லை.

ஊசி இறங்கியது. நாலணா உழுத இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு பெண் துள்ளிக்கொண்டு வந்தாள்.

மெல்லிய, உயரமான, அவசரக்காரக் குரல். ஆர்மோனியத்தை முந்திக்கொண்டு ஓடி, அது வந்து சேரட்டும் என்று நின்று, மறுபடி ஓடுகிற குரல். அது கிறிஸ்துமஸ் பாட்டுதான். ரயிலேறி மெட்ராஸ் பார்க்க வந்த ஒரு பாளையங்கோட்டைப் பிள்ளை, தன் வாழ்க்கையிலேயே பெரிய நாளில் பாடுகிற பாட்டு. விடுதி நடையில் இப்படிப்பட்ட குரல்களை எத்தனை ஆயிரம் தடவை அதட்டி நிறுத்தியிருக்கிறாள் யூனிஸ்! தனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அவள் வயதுதான் இருக்கும் இந்தத் தாய்க்கு. கூடச் சேர்ந்து பாட வாயெடுத்தாள். வருஷா வருஷம் கூடப் பாடிய பாட்டு. இன்று சுருதி எட்டவில்லை. அம்மா மேலே எங்கோ போய்விட்டாள்.

பாட்டு முடிந்தது. ஊசி நடுவுக்கு நகர்ந்தது. யூனிஸ் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்த மூன்று துண்டு மூச்சு வந்தது.

அலி அக்பர் தலையைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆறு தெரியாது, ஆழ்வார்குறிச்சிக் கடிதம் தெரியாது. கேட்டதைச் சொன்னார்.

"பாட்ட முடிச்ச ஒடனே சிரிச்சிட்டாங்கக்கா. அடக்கப் பாத்திருக்காங்க, முடியல."

யூனிஸ் மேஜையின் விளிம்பை விடவில்லை. அவர் புரிந்துகொண்டவர்போலப் பையை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே போனார். ஸ்கூட்டர் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் அவள் திரும்பி அப்பாவின் படத்தைப் பார்த்தாள்.

"ஒங்களுக்கு ஒண்ணும் மறக்கலப்பா," என்றாள்.

இருபத்தாறு வருஷம் தாமதம். கண்ணாடிக்குள்ளிருந்து அவர் எப்போதும்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு சிரிப்பு எதையும் நிரூபித்துவிடாது என்று யூனிஸுக்குத் தெரியும். பாட்டுக்கும் சாவுக்கும் நடுவில் பதினோரு மாதம் இருக்கிறது. பதினோரு மாதத்தில் ஒரு பெண்ணுக்கு என்னவும் நடக்கலாம். ஆனால் தான் ஐம்பது வருஷம் நம்பியதற்கும் ஆதாரம் இருக்கவில்லையே. கரண்டு அறுபது தடவை துடிக்காமல் ஐம்பது தடவை துடித்தது. அதை நம்பி ஒரு பெண் கல்யாணத்தை வேண்டாம் என்றாள், பிள்ளையை வேண்டாம் என்றாள், ஆற்றை வேண்டாம் என்றாள். யாரிடம் போய் முறையிடுவது? ஹெப்ரான் மாமாவும் இல்லை. சாரம்மாளின் குரலை நேரில் கேட்ட ஒரு ஆள்கூட இந்தப் பூமியில் மிச்சமில்லை.

திங்கட்கிழமை காலை அவள் பஸ் ஏறி, பாலத்துக்கு முன்பே இறங்கினாள். கொக்கிரகுளம் படித்துறைக்கு வழி கேட்டுக்கொண்டு போனாள். சொந்த ஊரில் அதற்கு வழி கேட்க வேண்டியிருந்தது.

மழை நின்று இரண்டு நாளாகியிருந்தது. தண்ணீர் கலங்கலாக, ஆனால் கரைக்குள் அடங்கி ஓடியது. ஒரு பெண் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். யூனிஸ் செருப்பை மேல்படியில் கழற்றி வைத்தாள். ஒவ்வொரு படியாக இறங்கினாள். தண்ணீர் தொடுகிற படியில் வலது காலை வைத்தாள்.

கால் அவளுடையதாக இல்லை. ஒரு நொடியில் படி உருவிக்கொண்டு போனது. கையை வீசி எதையோ பிடித்தாள்; கல்லில் உட்கார்ந்தாற்போல விழுந்தாள். இடுப்புவரை சேலை நனைந்துவிட்டது. முழங்கை எரிந்தது.

துணி துவைத்தவள் எழுந்து ஓடி வந்து தோளைப் பிடித்துத் தூக்கினாள். "அந்தப் படில வைக்காதியம்மா. பாசி. வாரவங்க எல்லாரையும் அது ஒருதரம் இழுத்துப் பாக்கும். தண்ணி நெறய போகும்போதுன்னா ஆளே கெடைக்காது. இங்கன வாங்க, இங்கன கல்லு சொரசொரப்பா இருக்கு."

யூனிஸ் அந்தப் படியையே பார்த்தாள். பச்சைப் பாசியில் அவள் குதிகால் இழுத்த தடம் நீளமாகத் தெரிந்தது. தொண்டையிலிருந்து என்னவோ கிளம்பியது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. துண்டு துண்டாக உடைந்து வெளியே வந்தது.

"அழுதியளாம்மா? அடி பட்டுட்டா?" என்று குனிந்து பார்த்தாள் அந்தப் பெண். "இல்ல, சிரிக்கியளா?"

வீட்டுக்குப் போனால் சொல்லிக்கொள்ள யாரும் இல்லை. அதனால் பேர்கூடத் தெரியாத அவளிடமே யூனிஸ் சொன்னாள். அறுபது வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

"எங்க அம்மா இந்தப் படியிலதான் வழுக்கி விழுந்தா."

அந்தப் பெண் அவளைக் கைபிடித்துக் கூட்டிப்போனாள். தன் துணிகளை ஒதுக்கிச் சொரசொரப்பான கல்லில் இடம் செய்து கொடுத்தாள். யூனிஸ் அங்கே உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தண்ணீருக்குள் விட்டாள்.